மஞ்சள் பூசிய மொட்டைப் பனை

"இன்னும் ஆறு மாசத்துல அங்கே கோவில் வந்துடுமாம்" என்றாள் சபீனா.

சபீனா பக்கத்து வீட்டுக்காரி, வாணியம்பாடி. அவளுக்கு இதைச் சொன்னது அவள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் பெண். அந்தப் பெண்ணுக்கு வாட்ச்மேன் மனைவி சொன்னாளாம். வாட்ச்மேன் மனைவிக்கு யார் சொன்னார்கள் என்று சபீனாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் காலனிப் பூங்காவின் கோடியில், என் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி, ஒரு மொட்டைப் பனை நின்றது. தலை போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். ஓலை கிடையாது, காய் கிடையாது. கறுத்துப்போன தூண் மாதிரி மூன்று மாடி உயரம். அதன் அடிமரத்துக்குப் பதினேழாம் நம்பர் வீட்டுக் கல்பகம் அம்மா விடியற்காலையில் வந்து மஞ்சள் பூசுகிறார், குங்குமம் வைக்கிறார், சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார். இதுதான் செய்தி.

"வெறும் மரத்துக்குத்தானே?" என்றேன்.

"வெறும் மரத்துக்கு யாராச்சும் மஞ்சள் பூசுவாங்களா தாரிணி? எனக்கு என்னமோ சரியாப் படலை. உன் சுவத்துல இருந்து எத்தனை அடி அது?"

ஒன்பது அடி. சபீனா போனதும் டேப் வைத்து அளந்தேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. எட்டாவது வரை தமிழில் படித்து, அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். பயப்படும்போது தமிழில் பயப்படுவேன், புகார் எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதுவேன். வேலைக்காக ஹைதராபாத் வந்து நாலு வருஷம். இந்த ஊரில் நிலம் எப்படிக் காணாமல் போகும் என்று எனக்குச் சொல்லித்தராத ஆள் இல்லை. முதலில் ஒரு கல். கல்லுக்கு மஞ்சள். அப்புறம் நாலு கழி, ஒரு தகரம். ஒரு ஸ்பீக்கர். அதற்குப் பிறகு வழக்கு, வாய்தா. வீடு வாங்கும்போது பத்திரத்தைப் பார்த்த வக்கீல், "பார்க் பக்கம் சுவரா? கொஞ்சம் கண்ணு வச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தார். நான் இரண்டு கண்ணையும் வைத்திருந்தேன்.

கல்பகம் அம்மா மேல் எனக்குச் சந்தேகம் அன்று புதிதாக வந்ததல்ல. அதற்கும் நாலு மாதம் முன்பு ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், என் வீட்டு முன்பக்கக் கண்ணாடி முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். வரிசை வரிசையாக, ஒரு ஜாண் இடைவெளியில். அந்த வாரம்தான் காலனி வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள்: திருடர்கள் பகலில் வந்து அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள், புள்ளி இருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். வாட்ச்மேனைக் கூப்பிட்டு சிசிடிவி போடச் சொன்னேன். மத்தியானம் இரண்டு மணி. கல்பகம் அம்மா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருகிறார், ஏறி நிற்கிறார், கையில் சோப்புக் கட்டி. பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவது போல் நிதானமாகப் புள்ளி வைக்கிறார்.

நேரே பதினேழாம் நம்பருக்குப் போனேன்.

அந்த வீட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மற்ற வீடுகளில் கத்தரித்த புல்வெளி, அலங்காரப் பனை. அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல், நடுவில் தும்பை, ஒரு அத்தி, ஒரு புங்கம், சுவரெல்லாம் ஏதோ கொடி. மரத்துக்கு மரம் பலகைப் பெட்டி தொங்கும். பெட்டிக்கு ரயில் சீட்டின் நீல ரெக்சினில் கூரை. பாம்பு வரும் என்று எதிர்வீட்டார் இரண்டு முறை மனு கொடுத்திருந்தார்கள்.

"என் கண்ணாடில எதுக்குங்க புள்ளி வச்சீங்க?"

அவர் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தார். அறுபத்திரண்டு வயது, ஒல்லி, புடவையை முட்டிக்குச் செருகியிருந்தார். "தமிழா நீ? எந்த ஊரு?"

"கோயம்புத்தூருங்க. புள்ளி..."

"உன் கண்ணாடி வெளிய இருந்து பாத்தா வானம் மாதிரியே கீது. தேன்சிட்டு நேரா வந்து மோதிகினு செத்துப்போவுது. போன வாரம் ரெண்டு. நீ ஆபீசு போயிட்ட, உன் வூட்டு வேலைக்காரி பொறுக்கிக் குப்பையில போட்டா. உனக்குத் தெரியாது."

"அதை எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ இன்னா சொல்லியிருப்ப?"

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவருக்கும் தெரிந்திருந்தது.

"அப்பறம், உன் புல்லுக்கு மாசத்துக்கு ரெண்டு தபா மருந்து அடிக்கிறானே, அத நிறுத்து. வெட்டுக்கிளி ஒண்ணு இல்ல. இன்னாத்த துன்னும் அதுங்க? நக்கோ அந்த மருந்து, வேணவே வேணாம்."

நான் புள்ளிகளை அழித்தேன். மருந்தை நிறுத்தவில்லை. சோப்பாலானாலும் புள்ளி புள்ளிதானே என்று நினைத்தேன். பறவை என்பது நல்ல சாக்கு. பறவை பேரைச் சொல்லி யார் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளும் ஸ்டூல் போட்டு ஏறலாம்.

இப்போது மஞ்சள் விஷயம் வந்ததும் அவரைப் பற்றி முறையாக விசாரிக்க ஆரம்பித்தேன். என்னோடு வேலை பார்க்கும் தீபக்கின் மாமனார் சிவஞானம், லாலாகுடா ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர். கல்பகம் அம்மாவும் அங்கேதான் இருந்தார் என்று கேள்வி. போன் செய்தேன்.

"கல்பகமா? ஹவ், நல்லாத் தெரியும். சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற ஷாப்ல இருந்தா. எதுக்குமா கேக்கறே, பொண்ணு கிண்ணு பாக்கறியா? அதுக்குப் புள்ளையே கிடையாது."

"இல்ல சார், எங்க காலனில இருக்காங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மா யாரும் தெரிஞ்சுக்க மாட்டாங்க" என்று சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன், வக்கீலுக்குத் தேவைப்படலாம் என்று. கல்பகம் பிறந்தது லாலாகுடா குவார்ட்டர்ஸிலேயே. தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா பட்டறையில் கொல்லர். கல்யாணமும் அதே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரோடு. அவர் இருபத்தொன்பது வயதில் ரயில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் சிக்கி இறந்துபோக, அதற்கு ஈடாக இவருக்கு வேலை. ஷாப்பில் நாற்பது ஆண்கள், இவர் ஒருத்தி. முதல் வருஷம் யாரும் பேசவில்லை. இரண்டாம் வருஷம் இவர் தையலில் ஊசி போன இடம் தெரியாது என்று ஃபோர்மேனே சொன்னார்.

"குருவிப் பைத்தியம் அப்பவேவா சார்?"

"அது ஒரு பொட்டியால வந்தது. ரிப்பேருக்கு வந்த பொட்டி ஒண்ணு நாலு மாசம் ஷெட்டுல நின்னுது. உள்ள மேல் ரேக்குல மைனா கூடு. மூணு குஞ்சு. இவ ஃபோர்மேன் கிட்டப் போயி, ஒரு வாரம் விட்டு அனுப்புங்க சார்னா. அவரும் சரிம்மான்னாரு. மறுநாள் காலைல வந்தா பொட்டி இல்ல. ராத்திரியே இழுத்துகினு போயிட்டாங்க. தாய் மைனா காலித் தண்டவாளத்துல அப்பிடியும் இப்பிடியும் நடக்குது, சாயங்காலம் வரைக்கும். இவ லீவு போட்டுட்டு செகந்திராபாத் யார்டு முழுக்கத் தேடுனா. கிடைக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அதுலேர்ந்து அவ யாரையும் எதுவும் கேக்கறதில்ல. அவளே செஞ்சுடுவா. இப்பவும் அந்தப் பொட்டி நெம்பரைக் கேளு, தூக்கத்துலயும் சொல்லுவா."

யாரையும் கேட்பதில்லை என்ற வரியின் அடியில் இரண்டு கோடு போட்டேன். எனக்கு வேண்டியது அதுதான். கேட்காமல் செய்பவர். பூங்கா நிலத்தையும் கேட்காமல் எடுப்பவர்.

மார்ச் கடைசியில் மாடி ஜன்னலிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். அவர் சரியாகக் காலை ஐந்தே முக்காலுக்கு வருவார். ஒரு கிண்ணத்தில் மஞ்சள். அடிமரத்தைச் சுற்றிப் பூசுவார். ஆனால் கும்பிட மாட்டார். இது எனக்கு உடனே உறுத்தியது. கை கூப்பாமல், கண் மூடாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து உச்சியைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விடுவார். சாமி கும்பிடாதவர் எதற்குக் குங்குமம் வைக்கிறார்?

இன்னொன்றும் நடந்தது. மஞ்சளைப் பார்த்துவிட்டு இருபத்திரண்டாம் நம்பர் வீட்டு மாமியார் வந்து ஊதுபத்தி ஏற்றினார். கல்பகம் அம்மா எங்கிருந்தோ ஓடிவந்து அதைப் பிடுங்கி மண்ணில் செருகி அணைத்தார். தெலுங்கில் சத்தம் போட்டார். மாமியார் அழுதுகொண்டே போனார். எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. தான் மட்டும் பூசாரி, மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. சபீனாவிடம் சொன்னபோது அவள் சொன்னாள், "நான்தான் அப்பவே சொன்னேனே. ட்ரஸ்டு ஒண்ணு ஆரம்பிச்சிருப்பாங்க, பாரு."

நான் எடுத்த படங்களில் ஆறைத் தேர்ந்தெடுத்து, மரியாதையான ஆங்கிலத்தில் நாலு வரி சேர்த்து, காலனிக் குழுவில் போட்டேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று மட்டும். பத்து நிமிஷத்தில் தொண்ணூறு பதில்.

சங்கச் செயலாளர் ராகவேந்திரா கூட்டம் போட்டார். அவர் மோசமானவர் இல்லை. எல்லாரையும் மரியாதையாகத் தெலுங்கு 'அண்டி' போட்டுப் பேசுகிறவர், ஒரு காகிதம் வந்தால் அதற்கு இன்னொரு காகிதம் போட்டால்தான் தூங்குவார். ஏப்ரல் முதல் ஞாயிறு, கிளப்ஹவுஸில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கல்பகம் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, பட்டுப்போன மரம். காற்றடித்தால் குழந்தைகள் மேல் விழும். நீங்கள் எதற்கு மஞ்சள் பூசுகிறீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டார் ராகவேந்திரா.

"ஜூன் முடியட்டும். அப்புறம் நீங்களே வெட்டுங்க" என்றார் இவரும் தெலுங்கில்.

"ஏன் ஜூன்?"

"ஒரு வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"வெளிய சொன்னா பலிக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஜூன் முடிய எதற்கு? ஜூனுக்குள் எதைப் பதிவு செய்யப் போகிறார்? சிரிப்பு அடங்கியதும் கையைத் தூக்கி அதையே கேட்டேன். எழுந்து நின்று, ஆங்கிலத்தில். கல்பகம் அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மரத்தை வெட்டத் தீர்மானம். மாநகராட்சிக்கு மனு, இரண்டே வாரத்தில் அனுமதி. முதலில் வந்த ஆட்கள் மஞ்சளையும் சிவப்புத் துணியையும் பார்த்துவிட்டு ரம்பத்தைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். அம்மன் இருக்கிற மரத்தில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். கல்பகம் அம்மா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் இருந்த மாதிரி இருந்தது.

ராகவேந்திரா விடவில்லை. வேறு கூட்டம் ஒன்றைப் பிடித்தார். அவர்கள் முதலில் தேங்காய் உடைத்து, எலுமிச்சை வைத்து, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ரம்பம் போடுவார்களாம். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணி. குழுவில் போட்டார். நான் கட்டைவிரல் போட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம். காற்று மருந்துக் கம்பெனிகள் இருக்கும் ஜீடிமெட்லா பக்கமிருந்து திரும்பியிருந்தது. மாத்திரை டப்பாவைத் திறந்தது போல் ஒரு வாடை. ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்து, ஒருவேளை நாளைக்கு வழக்கு என்று வந்தால் இருக்கட்டும் என்று என் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பனையின் பொந்தில், நீலமாக ஏதோ. பிளாஸ்டிக் கவர் என்று நினைத்தேன். மேலே எதையோ ஒளித்துவைத்திருக்கிறார்! கை தானாக அடுத்த படத்துக்குப் போனது. அதில் நீலம் இல்லை. அதற்கடுத்ததில் நீலம் பொந்துக்கு வெளியே, காற்றில், விரிந்திருந்தது. கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக.

"சாஹித்யா, இங்கே வா. இது என்னன்னு பாரு."

தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் மகள் எட்டிப் பார்த்தாள். "பாலபிட்ட, மம்மி." இதுகூடத் தெரியாதா என்பது போல் போய்விட்டாள்.

பாலபிட்ட. நம் ஊரில் பனங்காடை. இந்த மாநிலத்தின் பறவை. தசரா அன்று இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் வருஷம் நன்றாக இருக்கும் என்று எங்கள் காலனியே காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே வயல் வயலாக அலையும். போன தசராவுக்கு ராகவேந்திரா நாற்பது கிலோமீட்டர் போய்விட்டுப் பார்க்காமல் திரும்பினார். அது என் சுவரிலிருந்து ஒன்பது அடியில் குடியிருக்கிறது. அவர் வெட்ட ஏற்பாடு செய்திருக்கிறார். ஏற்பாட்டுக்கு ஆதாரம் கொடுத்தது நான்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பதினேழாம் நம்பருக்குப் போனேன். கல்பகம் அம்மா ஒரு பெட்டிக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வா கோயமுத்தூரு. இன்னா, இங்கயும் போட்டோ புடிக்கணுமா? புடிச்சிக்கோ. பாத்ரூம் அந்தப் பக்கம்."

"பனைல கூடு இருக்குங்களா?"

ஊசி நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. என் போட்டோல இருக்கு."

"அந்த ஊருக்கே அனுப்புன போட்டோவுலயா?"

"அனுப்புனதுல தெரியாதுங்க. நான் பெருசு பண்ணிப் பார்த்துட்டேன். அந்த ஆறுல எதுலயும் இல்ல."

"கைக்கு? எதுக்கு நான் உன்ன நம்பணும்?"

போனை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறு படத்தையும் ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பார்த்தார். வெகுநேரம். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"இதை நீங்க கூட்டத்துலயே சொல்லியிருந்தா ஒருத்தரும் வெட்டியிருக்க மாட்டாங்களே. கும்பிட்டிருப்பாங்க."

"அதான் பயம். ரெண்டு வருசம் முன்னால ஏரிக்கரைப் பனையில ஒரு ஜோடி இருந்துச்சி. நான்தான் வாயை வச்சிகினு சும்மா இல்லாம ஒருத்தர் கிட்டச் சொன்னேன். அவுரு போட்டோ போட்டாரு. எல்லாரும் வந்து பாத்தாங்க, ஆகா ஓகோன்னாங்க. தசராவுக்கு நாலு நாள் முந்தி வலைக்காரன் வந்தான். தசரா அன்னிக்குக் கோவில் வாசல்ல கூண்டுல வச்சிகினு உக்காந்திருந்தான். றெக்கையில நூல் கட்டி. க்யூவுல நின்னு பாத்தாங்க எல்லாரும். நம்ம காலனி ஆளுங்களும்தான். நான் கிட்டப் போயி பாத்தேன். ஏரிக்கரையில பாத்தப்பவே வால் இறகு ஒண்ணு ஒடிஞ்சிருந்துச்சி, எனக்குத் தெரியாதா? அது ஏரிக்கரைப் பொட்டைதான்."

தைத்துக்கொண்டிருந்த பெட்டியை நகர்த்தி வைத்தார். "மஞ்சள் பூசுன மரத்த இந்த ஊர்ல எவனும் தொடமாட்டான்னு நெனச்சேன். அது நிலத்த முழுங்குறதுக்குன்னு நீங்க நெனப்பீங்கன்னு நெனைக்கல. புகை போட்டா குஞ்சு செத்துப்போவும், அதான் அந்தம்மாவ வெரட்டுனேன்."

"குஞ்சு எத்தனை?"

"கொரலு மூணு கேக்குது. இன்னும் பத்து நாளு. கூட்டத்துல ஜூன்னு சொன்னது தாராளமா இருக்கட்டும்னுதான். பறந்துச்சின்னா உன் செயலாளரு ரம்பம் போடட்டும், கோடாலி போடட்டும்."

"நான் ராகவேந்திரா கிட்டப் பேசறேங்க. அவர்கிட்ட மட்டும். நேர்ல."

"அவுரு சம்சாரத்துக்கிட்டச் சொல்லமாட்டாரா?"

"சத்தியம் வாங்கிக்கறேங்க."

"சத்தியம்" என்றார். அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பியது போல் இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஃபோர்மேனும் சரிம்மான்னுதான் சொன்னாரு."

இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நான் அன்றே ராகவேந்திராவிடம் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய புழு மறுபடி குடைய ஆரம்பித்தது. படத்தில் இருப்பது பறவைதான். ஆனால் கூடு? குஞ்சு? பத்து நாள் என்பது நிஜமா, அல்லது பத்து நாளில் வேறு ஏதாவது ஏற்பாடா? ஏரிக்கரைக் கதையை நான் யாரிடம் சரிபார்ப்பது? என் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் தைரியமாகப் பேசலாம். இன்னும் ஒரு நாள் இருக்கிறதே.

அன்று மத்தியானம் முழுவதும் மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்கு ஒரு பனங்காடை என் கண்ணெதிரே கம்பியில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்திருந்தபோது அழுக்கு பிரவுன் நிறம், இதற்கா இத்தனை என்று தோன்றியது. அலகில் ஒரு வெட்டுக்கிளி. பதினேழாம் நம்பர் புல்லிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது, அங்கிருந்துதான் பறந்து வந்ததைப் பார்த்தேன். என் புல்வெளிப் பக்கம் அது திரும்பக்கூட இல்லை. சிறகை விரித்ததும் அந்த நீலம். பொந்துக்குள் தலையை விட்டது. உள்ளிருந்து கரகரவென்று ஒரு கூச்சல். ஒன்றல்ல, இரண்டல்ல. மூன்றா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராகவேந்திரா வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை ஏழரை மணிக்குத் தேங்காய் உடையும் சத்தம் கேட்டது.

செருப்பில்லாமல் ஓடினேன். பனைக்கடியில் நாலு பேர். கிரேன் வண்டி ஞாயிறு வேறு இடத்துக்குப் போகிறதாம், அதனால் இன்றைக்கே வந்துவிட்டார்கள். எலுமிச்சையை நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தாகிவிட்டது. கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. ஒருவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். கல்பகம் அம்மா மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். புடவையின் பின்பக்கம் முழுவதும் மஞ்சள்.

"ஜரகண்டி அம்மா" என்றார் மேஸ்திரி. விலகச் சொல்கிறார். மரியாதையாகத்தான் சொன்னார். "அம்மனிடம் சொல்லியாகிவிட்டது, கோபம் வராது."

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றேன் எனக்குத் தெரிந்த தெலுங்கில். "செயலாளர்கிட்டப் பேசணும்."

"அவர் போன் பண்ணினால் நிறுத்துகிறோம். எங்களுக்கு அவர்தான் சொன்னார்."

பூங்காவுக்கு எதிரே ராகவேந்திரா வீட்டு வாசலில் கார் இல்லை. தங்கையை அழைத்துவர செகந்திராபாத் ஸ்டேஷன் போயிருக்கிறார் என்று அவர் மனைவி மாடியிலிருந்து குரல் கொடுத்தார். "என்ன விஷயம்? என்னிடம் சொல்லுங்களேன்" என்றார். கல்பகம் அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே போய் நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி நின்றது.

"நெஜமாவே அவுருக்குத்தான் போடறியா?" என்றார் கல்பகம் அம்மா தமிழில், குரலைத் தாழ்த்தி.

"ஆமாங்க."

"ஸ்பீக்கர்ல போடு."

ஸ்பீக்கரில் போட்டேன். அவர் என் போன் திரையில் பெயரைப் படித்துவிட்டுத்தான் தலையசைத்தார்.

கயிற்றுக்காரர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே காலி என்பது சத்தத்திலேயே தெரிந்தது. மேலே கம்பியில் பனங்காடை வந்து உட்கார்ந்திருந்தது. அலகில் ஏதோ நெளிந்தது. இத்தனை பேரைப் பார்த்துவிட்டுப் பொந்துக்குப் போகாமல் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. நாலு பேரில் ஒருவர் அண்ணாந்தாலும் போதும். பாலபிட்ட என்று ஒரு வார்த்தை சொன்னால் இவர்கள் ரம்பத்தைக் கீழே போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குஞ்சுகள் பிழைக்கும். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரியும். தசராவுக்கு முன் எவனாவது வலையோடு வருவான், இதே மரத்துக்கு, அல்லது பக்கத்து மரத்துக்கு.

"அஞ்சு நிமிசம்" என்றார் கல்பகம் அம்மா. "அதுக்குள்ள எடுக்கலைன்னா நானே வாயத் தொறக்கறேன். வேற வழியில்ல." மரத்தோடு இன்னும் ஒட்டி நின்றார். "அன்னிக்கும் நான் கேட்டுட்டு நின்னேன்."

"எடுப்பாருங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். பிளாட்பாரத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பார். அல்லது கூட்டத்தில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேள்வி கேட்ட இந்தக் கோயம்புத்தூர்க்காரி இன்றைக்கு என்ன புகார் வைத்திருக்கிறாளோ என்று என் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

நாலாவது முறை போட்டேன். மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கயிற்றுக்காரர் செருப்பைக் கழற்றி மரத்தடியில் ஜோடியாக வைத்தார். கல்பகம் அம்மா மரத்தை விட்டு நகரவில்லை. கண்ணைக் கம்பியிலிருந்து எடுக்கவுமில்லை. என் உள்ளங்கையில் இருந்த போனில், பூங்கா முழுவதும் கேட்கும்படி, மறுமுனையின் மணி அடித்துக்கொண்டிருந்தது.